வணிக மடலின் தலைப்பில் மெய்ப்பாடு – ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பழைய கடிதங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒன்று எளிதிற் புலப்படும். எழுத்துத் தொடங்குமுன்னரே தாளின் உச்சியிற் குறியொன்று இடப்பட்டிருக்கும். சைவர் வீட்டுக் கடிதமாயின் பிள்ளையார் சுழியும் அதனை அடுத்துச் ‘சிவமயம்’ என்ற சொல்லும் காணப்படும். கிறித்தவர் கடிதத்திற் சிலுவை அவ்விடத்தைப் பெறும். முஸ்லிம் மக்களின் கடிதத்தில் 786 என்னும் எண் பெறும். கலியாண அழைப்பிதழிலும் கடைக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்திலும் இவ்வழக்கு இன்றும் உண்டு. பரீட்சை விடைத்தாளின் ஓரத்தில் யாருங் காணாதவாறு ஒரு சுழியை இட்டுவிட்டு எழுதத் தொடங்கும் மாணவரும் இல்லாமல் இல்லை. இக்குறிகள் கடிதத்தைப் பெறுபவரிடம் எதனையும் வேண்டி நிற்பதில்லை. எழுதுபவர் யார், எத்தகைய மனநிலையில் எழுதப் புகுந்தார் என்பதை அறிவித்து அமைவன அவை.

அதே உச்சியில் இன்று வேறொரு குறி வந்தமர்ந்துள்ளது. வங்கி, விமான நிறுவனம், இணையவழிக் கடை, தனியார் கல்வி நிலையம் ஆகியன தம் வாடிக்கையாளர்க்கு அனுப்பும் மின்னஞ்சல்களின் தலைப்பு வரியிற் சிரிக்கும் முகம், எரியும் தீ, சுழலும் செந்நிற அபாய விளக்கு, நாடாக் கட்டிய பரிசுப் பெட்டி ஆகிய சித்திரங்கள் சொல்லுக்கு முன்னும் பின்னும் நிறுத்தப்படுகின்றன. கைத்தொலைபேசித் திரையிற் தலைப்பு வரிக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. முப்பது நாற்பது எழுத்துகளுக்கு மேல் ஒரே பார்வையிற் தெரிவதில்லை. நூறு மடல்கள் வரிசையாய்க் கிடக்கும் பெட்டியில் எது திறக்கப்படும், எது திறவாமலே அழிக்கப்படும் என்பதை அவ்வொரு வரியே தீர்மானிக்கின்றது. அவ்வரியில் ஒரு நிறப்புள்ளி கண்ணைப் பிடித்து நிறுத்தும் என்பது விற்பனையாளரின் கணிப்பு. கணிப்புப் பிழையன்று. ஆயினும் அக்குறி சொல்லுக்கு என்ன செய்கின்றது, தமிழில் வாசிப்பவர்க்கு என்ன செய்கின்றது என்னும் வினாக்கள் அக்கணிப்பினுள் அடங்குவன அல்ல. அவையே இங்கு ஆராயப்படுவன.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு தெளிவு வேண்டும். எமோஜி என்பது யப்பானியச் சொல். ‘எ’ என்பது படம். ‘மோஜி’ என்பது எழுத்து. உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அது ஒலியொப்புமை கொண்டது தற்செயலே. தமிழில் அதனை ‘உணர்குறி’ என வழங்குவோர் இத்தற்செயலால் மயங்கியோர் எனலாம். 1999இல் யப்பானின் என்ரிரி டொக்கோமோ நிறுவனத்துக்காக ஷிகெடக்கா குரித்தா அமைத்த 176 சித்திரங்களுள் முகங்கள் சிலவே. வானிலை, ஊர்தி, கடை, அம்புக்குறி போன்றனவே மிகுதி. சிறிய திரையிற் செய்தியைச் சுருக்கித் தருவதே அவற்றின் நோக்கம். 2010இல் ஒருங்குறியின் ஆறாம் பதிப்பு இவற்றை ஏற்றுக்கொண்ட பின்னரே எல்லாக் கருவிகளிலும் இவை எழுத்துக்குச் சமமான தகுதியுடன் உலவத் தொடங்கின. ஆகவே இவை பிறப்பாற் சுருக்கக் குறிகள். வளர்ப்பால் உணர்ச்சிக் குறிகள்.

புதிய குறிகள் தமிழ் எழுத்தினுட் புகுவது யாழ்ப்பாணத்துக்கு அறிமுகமில்லாத விடயமன்று. காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி ஆகியன ஐரோப்பிய அச்சு வழியாக வந்தன. அவற்றைத் தமிழ் உரைநடையில் முறைப்பட ஆண்டோருள் முதன்மை பெறுபவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1849இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து வெளிவந்த நூல்களிற் சந்தி பிரித்தும் குறியிட்டும் வசனம் அமைந்தது. சைவத்துக்காக மிஷனரிமாரோடு கடுமையாக வாதிட்ட ஒருவர், அவர்தம் அச்சுக்கூடத்துக் குறிகளைத் தயக்கமின்றி எடுத்துக்கொண்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது. குறி எங்கிருந்து வந்தது என்பதனைவிட, கற்கும் பிள்ளைக்கு வாக்கியத்தின் பொருள் விளங்க அது உதவுமா என்பதே அவருக்கு முக்கியமாயிற்று போலும். எனவே எமோஜியை அந்நியம் என்று கூறி ஒதுக்குவது நாவலர் வழிவந்த ஊரிற் பொருந்தாது. அவர் எழுப்பியிருக்கக்கூடிய வினாவையே நாமும் எழுப்புதல் தகும்: இக்குறியை எடுத்துவிட்டால் வாக்கியம் எதனை இழக்கும்?

வணிகத்துக்கெனத் தமிழ் தானே வைத்திருந்த குறிகளும் உள. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்றவாறு கணக்குப் புத்தகங்களில் அவை எழுதப்பட்டன. இவை ஒவ்வொன்றும் ஒரு சொல்லுக்கு ஈடாக நின்றன. ௷ எழுதியவர் வரவு என்றே கருதினார். வாசித்தவரும் வரவு என்றே கொண்டார். இருவருக்குமிடையில் ஊகத்துக்கு இடமிருக்கவில்லை. இருந்திருந்தால் வழக்கு நீதிமன்றம் சென்றிருக்கும். இக்குறிகள் 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. 2019 மார்ச்சில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் தமிழின் கீழ்வாய்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 வரிவடிவங்கள் சேர்க்கப்பட்டன. விசித்திரம் யாதெனில், அகல்விளக்கு, சேலை, முச்சக்கர வண்டி, இந்துக் கோயில் ஆகிய எமோஜிகள் வந்ததும் அதே பதிப்பிற்றான். ஒரே நாளிற் பிறந்த இவ்விரு தொகுதிகளுள் முச்சக்கர வண்டி இன்று சிறுவரின் விரல் நுனியிலும் உள்ளது. காணியும் முந்திரியும் ஆராய்ச்சியாளர் கையில் மாத்திரம் உள்ளன. வழக்கொழிந்தவற்றை மீட்கவேண்டும் என்பது இங்கு வாதமன்று. சொல்லுக்கு ஈடாய் நின்ற வணிகக் குறியின் மரபு ஒன்று எமக்கு இருந்தது என்பதும், இன்றைய தலைப்பு வரிகளை அளக்க அது நல்லதோர் அளவுகோல் என்பதுமே வாதம்.

அந்த அளவுகோலைக் கொண்டு நோக்கின் தலைப்பு வரியின் எமோஜிகள் இரு வகைப்படும். பொருளைப் பெயரிட்டு நிற்பன ஒரு வகை. மெய்ப்பாட்டைக் காட்டி நிற்பன மற்றொரு வகை.

முதல் வகையிற் குறை காண்பதற்கு அதிகமில்லை. தீபாவளி விற்பனையை அறிவிக்கும் வரியில் அகல்விளக்கொன்று இருப்பது பண்டிகையைக் கண்ட மாத்திரத்தே உணர்த்தும். புடைவைக் கடையின் வரியிற் சேலை பொருந்தும். ஆனால் இவ்வகையிலும் யாழ்ப்பாணத்தவர் ஓர் எல்லையை விரைவில் அடைந்துவிடுகின்றனர். பனங்கட்டி, ஒடியல், பனாட்டு விற்பவர் தம் வரிக்குப் பனையைத் தேடினால் அங்குப் பனை இல்லை. ‘பாம் மரம்’ என்ற பெயரில் இருப்பது வளைந்த தண்டுடன் கடற்கரையில் நிற்கும் தென்னை போன்ற ஒன்று. உல்லாசப் பயண நிறுவனங்களுக்கு அது மிகப் பொருத்தம். பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்படுமளவுக்கு ஒரு மரத்தோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட மக்களுக்கு அது வேறொரு மரம். தைப்பொங்கலுக்குப் பொங்கற்பானை இல்லை. யப்பானிலிருந்து வந்த நெற்கதிர் உண்டு. நெற்கதிர் பொருந்தத்தான் செய்கின்றது, ஆனால் அது இரவல். நல்லூர்த் திருவிழாக் காலத்து விற்பனைக்குக் கோயிற் சித்திரம் இட்டால், பல நிறுவனங்களின் கருவிகளில் அது கோபுரமாயன்றி வடநாட்டுச் சிகரமாய்த் தோன்றும். அனுப்புபவர் திரையில் ஒரு வடிவும் பெறுபவர் திரையில் இன்னொரு வடிவும் தோன்றுவது இவ்வெழுத்தின் இயல்பு. ஒருங்குறி எண்ணை மட்டுமே நிச்சயிக்கின்றது. படத்தை ஒவ்வொரு நிறுவனமும் வரைந்துகொள்கின்றது. கைத்துப்பாக்கிச் சித்திரத்தை அப்பிள் நிறுவனம் 2016இல் நீர்த்துப்பாக்கியாக்கியது. ஏனையவற்றுட் பல 2018இலேயே அதனைப் பின்பற்றின. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விளையாட்டாய் அனுப்பிய நீர்த்துப்பாக்கி மற்றவர் கையில் உண்மைத் துப்பாக்கியாய்ச் சென்று சேர்ந்திருக்கும். ‘அ’ என்னும் எழுத்துக்கு இத்தகைய விபத்து நேர்வதில்லை.

இரண்டாம் வகையே தீவிரமான ஆய்வுக்குரியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை முதலாக உவகை ஈறாக மெய்ப்பாடுகள் எட்டினை வகுக்கின்றது. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்கின்றது. நகை பிறக்கும் இடங்கள் இளமை, எள்ளல், மடமை, பேதைமை ஆகியன. உள்ளத்தில் நிகழ்ந்த ஒன்று கண்ணீராயும் மயிர்க்கூச்செறிவாயும் உடம்பிற் புலப்படுதலே மெய்ப்பாடு என உரையாசிரியர் விளக்குவர். அதாவது உணர்ச்சி முதல். உடற்குறி அதன் விளைவு. நண்பர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தியில் எமோஜி இவ்விலக்கணத்துக்கு ஏறத்தாழ உட்படுகின்றது. முகம் காண முடியாத தொலைவில், கனடாவிலிருக்கும் அக்காவுக்குத் தம்பி அனுப்பும் கேலி கேலியாகவே சென்று சேர ஒரு சிரித்த முகம் வேண்டியிருக்கின்றது. எழுத்துத் தமிழ் ஏந்த முடியாத குரலின் ஏற்றத்தாழ்வை அது ஏந்துகின்றது. இளைய தலைமுறை அதனைச் சிக்கனமாகவும் நுண்மையாகவும் கையாள்கின்றது என்பதை மறுப்பவர் அச்செய்திகளைக் கவனித்து வாசித்தவர் அல்லர்.

வணிக மடலின் தலைப்பிலோ நிலைமை தலைகீழ். ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முகம் ஒன்று ‘இன்றே கடைசி நாள்’ என்னும் வரியின் முன் நிற்கின்றது. யாருடைய ஆனந்தம் அது? பல்லாயிரம் முகவரிகளுக்கு ஒரே நொடியில் மடலைச் செலுத்திய மென்பொருளுக்கு ஆனந்தம் இல்லை. மடலை இன்னும் திறவாத வாசகருக்கும் இல்லை. உணர்வதற்கு ஒருவரும் இல்லாமலே உடற்குறி மட்டும் வந்து நிற்கின்றது. மெய் இல்லாத மெய்ப்பாடு என்று இதனைச் சொல்லலாம். இரு பொருளிலும் பொருந்தும். நாவலர் வழி நின்று அக்குறியை நீக்கிப் பார்த்தால் வாக்கியம் எதனையும் இழப்பதில்லை. இழப்பவர் விற்பனையாளரே. இலக்கணம் அறிந்த ஒருவர் இம்முகங்களின் நகை நான்கனுள் எதன்பாற்படும் என்று வினவப் புகுந்தால், எள்ளல் என்றே விடை கிடைக்குமோ என அஞ்சவேண்டியுள்ளது.

இவ்வகையினுள்ளேயே அச்சத்தின்பாற்பட்ட குறிகள் தனியே குறிப்பிடத்தக்கன. சுழலும் அபாய விளக்கு, வெடிப்பு, திரியெரியும் குண்டு ஆகியன உலகெங்கும் விலைக்குறைப்பின் அடையாளங்களாய் வழங்குகின்றன. அவற்றை வரைந்தோர்க்கு அவை வெறுங் கேலிச்சித்திரங்கள். 2009 வரை போரின் ஓசையை உண்மையாய்க் கேட்ட ஒரு நிலப்பரப்பில், அதிகாலையிற் தொலைபேசித் திரையில் ஒரு குண்டும் ‘இறுதி எச்சரிக்கை’ என்னும் வாசகமும் தோன்றுவது வேறு அனுபவம். ஆயினும் இங்குப் பழியை முழுவதும் எமோஜியின்மேற் சுமத்துவது நேர்மையாகாது. ‘அதிரடி விலைக்கழிவு’ என்று துண்டுப்பிரசுரங்களில் அச்சிட்டவர்களும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களில் முழங்கியவர்களும் தமிழரே. அதிரடித் தாக்குதலுக்கும் அதிரடிச் சலுகைக்கும் ஒரே அடைமொழியைத் தமிழ் விளம்பர நடை முன்னரே வழங்கிவிட்டது. சித்திரம் பின்னால் வந்து அச்சொல்லை வரைந்து காட்டியது, அவ்வளவே. மொழி தேய்ந்த இடத்திலேயே படம் குடியேறியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பார்வைப் புலனற்றோரின் நிலையும் இவ்விடத்து எண்ணற்பாலது. கலைப்பீட விரிவுரை மண்டபங்களில் இவர்கள் பயில்வது புதிதன்று. திரைவாசிப்பு மென்பொருள் எமோஜியைக் காண்பதில்லை. அதன் பெயரைச் சொல்லுகின்றது. தலைப்பின் தொடக்கத்தில் மூன்று அபாய விளக்குகள் இருப்பின் அப்பெயரை மூன்றுமுறை கேட்ட பின்னரே மடல் யாது பற்றியது என்பதை அவர் அறிவார். கண்ணுடையார்க்கு ஒரு நொடியிற் கடக்கும் அலங்காரம் இவர்க்கு வழிமறிக்கும் முட்கம்பி.

இனி எல்லாவற்றிலும் பாரதூரமான ஒன்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தவரின் அஞ்சற் பெட்டியை அடையும் இவ்வகை மடல்களுட் பெரும்பாலானவை கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் எழுதப்படுவன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அக்கடப்பாடு அரச அலுவலகத்தோடு நின்றுவிட, தனியார் வணிக மடல் தன் வாடிக்கையாளரின் மொழியைப் பற்றிக் கவலைகொள்ளாமலே இயங்க முடிகின்றது. ஆங்கிலம் அரைகுறையாய் வாசிக்கும் ஒருவர் இத்தலைப்பு வரியிற் தடையின்றி ‘வாசிப்பது’ எதனை? எமோஜியை மட்டுமே. எஞ்சிய சொற்கள் மங்கலாய்க் கிடக்க, பரிசுப் பெட்டியும் பணக்கட்டும் கைகூப்பிய கரங்களும் தெளிவாய்ப் பேசுகின்றன. அந்நிலையில் அச்சித்திரம் அலங்காரம் அன்று, செய்தியே அதுதான். கடன் தருவதாய் வரும் ஒரு மடலுக்குப் பரிசுப் பெட்டி இட்டால், கடன் பரிசாகின்றது. வட்டியும் பிணையும் தவணைத் தண்டமும் வாசிக்க முடியாத மொழியிற் கீழே உள்ளன. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பது எவரும் அறிந்த செய்தி. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பட்ட கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அக்கடன்கள் எமோஜியால் விளைந்தன என்று எவரும் கூறார். அவை பெரும்பாலும் வீட்டு வாசலில் வந்து கொடுக்கப்பட்டவை. ஆனால் அவ்வாசலுக்கு வந்த புன்னகை இப்போது தலைப்பு வரிக்கு இடம்பெயர்ந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய வணிகச் செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்கின்றது. எம்மொழியிற் கேட்டுச் சம்மதம் பெறுவது என்பதே சிக்கல்.

தமிழில் எழுதினாற் செலவு கூடும் என்பது இதற்கு அளிக்கப்படக்கூடிய நியாயம். மின்னஞ்சலுக்கு அது பொருந்தாது. அங்கு எழுத்துக்குக் கட்டணம் இல்லை. அதன் உடன்பிறப்பாகிய குறுஞ்செய்திக்கு ஓரளவு பொருந்தும். ஆங்கில எழுத்திற் குறுஞ்செய்தி ஒன்று 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் 70 குறியலகுகளையே கொள்ளும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாய் இரண்டு அலகாய் எண்ணப்படும். எனவே ஒரே செய்தியைத் தமிழில் அனுப்பின் இரு செய்திகளின் கட்டணம் ஆகலாம் என்பது மெய்யே. ஆனால் ஆங்கிலச் செய்தியில் ஒரேயொரு எமோஜியைச் சேர்த்த கணத்திலேயே அதன் எல்லையும் 160இலிருந்து 70ஆகச் சுருங்கிவிடுகின்றது. அவ்வெமோஜியும் ‘கி’யைப் போன்று இரண்டு அலகைக் கொள்கின்றது. அதாவது, தமிழுக்குச் செலவிட இயலாது என்ற நிறுவனம், ஒரு சிரித்த முகத்துக்காக அதே சுருங்கிய எல்லையைத் தயங்காது ஏற்றுக்கொள்கின்றது. பணம் இல்லாமையன்று இங்குக் காரணம். தமிழ் வாசகரின் கண் போதும், அவர் வாசிப்பு வேண்டியதில்லை என்ற எண்ணமே.

தமிழில் எழுதினால் என்ன எழுதலாம் என்பதற்கு உதாரணமாக ஒரு வரியைக் கற்பித்துப் பார்க்கலாம். ‘கடன்: ஆண்டு வட்டி 24 வீதம், இரு பிணையாளர்’ என்பது அவ்வரி. பரிசுப் பெட்டி இல்லை, முகமும் இல்லை. பெறுபவர் மடலைத் திறப்பதா விடுவதா என்று தீர்மானிப்பதற்கு வேண்டிய அனைத்தும் உள. இடைவெளியும் நிறுத்தக்குறியும் உட்பட 41 அலகுகள். எழுபதில் எஞ்சிய 29இல் நிறுவனம் தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.